இங்கே ஜெயிப்பது என்றால் என்ன?

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த தன் கார் தொழிற்சாலையை 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் இழுத்து மூடியது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மோசமான தொழிலாளர்கள் இருக்கும் இடம் என்று அதற்குப் பெயர். எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க மாட்டார். திங்கட்கிழமை காலையில் லைனை ஓட்ட ஆள் போதாமல், எதிரே இருந்த மதுக்கடைக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்த கதைகளைப் பழைய ஊழியர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆலைக்குள்ளேயே குடி, சூதாட்டம். தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் தீர்க்கப்படாமல் கிடந்த புகார்கள் ஆயிரக்கணக்கில். மேற்பார்வையாளர்மீது கோபம் வந்தால் காரின் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வண்டியை வாங்கியவர் அந்தக் கடகட சத்தத்தோடு ஓட்ட வேண்டியதுதான்.

அதே கட்டடம் 1984இல் மீண்டும் திறந்தது. இந்த முறை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம். சுருக்கமாக ‘நும்மி’ என்பார்கள். ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு. தொடக்கத்தில் எடுத்த தொழிலாளர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பழைய ஆட்கள். தொழிற்சங்கமும் அதுவேதான். இயந்திரங்கள் அப்படியொன்றும் அதிநவீனமானவை அல்ல. ஆனாலும் வேலைக்கு வராதவர்களின் அளவு 3, 4 விழுக்காடாகச் சுருங்கியது. 1986 முடிவதற்குள் நும்மியின் உற்பத்தித்திறன் பழைய ஃப்ரீமான்ட் ஆலையின் திறனைப்போல் இரு மடங்கைத் தாண்டிவிட்டது; ஜெனரல் மோட்டார்ஸின் வேறெந்த ஆலையும் அதை எட்டவில்லை. வேலையை மேம்படுத்த யோசனை சொல்லும் திட்டத்தில் 1986இல் 26 விழுக்காடு தொழிலாளர்கள் பங்கெடுத்தார்கள். 1991இல் அது 92 விழுக்காடு. நும்மியை நெருங்கி ஆராய்ந்த பால் ஆட்லர் என்ற மேலாண்மைப் பேராசிரியர் பதிவுசெய்த கணக்கு இது.

சோம்பேறிகள் திருந்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஈராயிரம் பேருக்கு இரண்டே ஆண்டுகளில் குணம் மாறிவிடுவதில்லை. மாறியது அவர்களைச் சுற்றி இருந்ததுதான். பழைய ஆலையில் லைன் நிற்கக் கூடாது என்பதே தலையாய கட்டளை. பாகத்தைத் தவறாகப் பொருத்தியது கண்ணெதிரே தெரிந்தாலும் வண்டி நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் முற்றத்தில் நிறுத்திப் பிரித்துச் சரிசெய்வார்கள். எத்தனை வண்டி வெளியே போயிற்று என்பதுதான் கணக்கு. நும்மியிலோ லைன் நெடுக ‘ஆண்டன்’ கயிறு தொங்கியது. சிக்கல் என்று பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடிவருவார். என்ன சிக்கல், எப்படித் தீர்ப்பது என்பதில்தான் பேச்சு தொடங்கும். ஒதுக்கிய நொடிகளுக்குள் தீராவிட்டால் லைனே நிற்கும். பழைய ஆலையில் பொறியாளர் ஒருவர் கடிகாரத்தோடு வந்து நின்று தொழிலாளியின் வேகத்தை அளப்பார். அவர் நிற்கும்வரை தொழிலாளி மெதுவாகச் செய்வார். நும்மியில் கடிகாரம் தொழிலாளர் கைக்கே வந்தது. ஒருவரை ஒருவர் அளந்து, எது நல்ல முறை என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

ஓரிடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டே இருக்கிறார்: இங்கே ஜெயிப்பது என்றால் என்ன? பக்கத்து மேசைக்காரரை முந்துவதா? நேற்றைவிட இன்று நன்றாகச் செய்வதா? மேலதிகாரியின் கண்ணில் படுவதா? தவறு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதா? சுற்றி நடப்பதைப் பார்த்து அவர் ஒரு விடைக்கு வந்து சேர்கிறார். அவருடைய உழைப்பு, கவனம், அக்கறை எல்லாம் அந்த விடையின் வழியே போகின்றன. உளவியலாளர்கள் இதை ஊக்கச் சூழல் என்கிறார்கள். ஊழியரின் ஊக்கத்தை அவருடைய பிறவிக் குணமாக எண்ணிப் பழகிய நமக்கு, அதில் பெரும்பங்கு இடத்துக்குச் சொந்தமானது என்று இதைப் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன.

முகமூடி செய்த பையன்கள்

சூழல் என்பதைச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் கர்ட் லெவின். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய யூத உளவியலாளர். அயோவா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த சோதனை 1939இல் கட்டுரையாக வந்தது. பத்து வயதுப் பையன்களைச் சிறு சிறு மன்றங்களாகச் சேர்த்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு மன்றத்தின் தலைவர் அடுத்த படி என்ன என்பதைக்கூட முன்கூட்டிச் சொல்லாமல் ஆணையிட்டு நடத்துவார். பாராட்டு, திட்டு இரண்டுமே அவர் விருப்பம்போல விழும். இன்னொரு மன்றத்தில் தலைவரும் பையன்களும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். மூன்றாவதில் தலைவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிடுவார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை தலைவரும் நடத்தும் முறையும் மாறும்.

ஆணையிடும் தலைவரின்கீழ் சில மன்றங்களில் பையன்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள்; சிலவற்றில் வாயடைத்துப் போனார்கள். அதைவிடச் சுவையானது வேறொன்று. தலைவர் இடையிடையே அறையைவிட்டு வெளியே போவதும் சோதனையின் திட்டத்திலேயே இருந்தது. ஆணையிடும் தலைவர் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் சரசரவென்று இறங்கியது. கூடிப் பேசிச் செய்த மன்றத்தில் தலைவர் இருந்தாலும் போனாலும் வேலையின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. தலைவரின் பார்வை படும் நேரத்தில் மட்டும் அளந்திருந்தால் ஆணையிடும் முறைதான் சிறந்தது என்று எழுதி முடித்திருப்பார்கள். உழைப்பு எவ்வளவு என்று கேட்பதோடு, அந்த உழைப்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பது அயோவா தந்த பாடம். அதே பையன்கள் வேறு தலைவரிடம் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள் என்பது இன்னொரு பாடம்.

வகுப்பறையிலிருந்து வந்த அளவுகோல்

‘நான் கெட்டிக்காரனா’ என்பதை ஒரு குழந்தை எப்படித் தெரிந்துகொள்கிறது? நியூசிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் நிக்கல்ஸ் 1984இல் இதற்கு இரண்டு வழிகளைச் சொன்னார். போன மாதம் போட முடியாத கணக்கை இந்த மாதம் போட முடிகிறது என்றால் எனக்குத் திறமை கூடியிருக்கிறது. இது ஒரு வழி. எவ்வளவு உழைத்தேனோ அவ்வளவு வளர்ந்தேன். இரண்டாவது வழியில் பக்கத்தில் இருப்பவன்தான் அளவுகோல். அவனைவிட அதிக மதிப்பெண் எடுத்தால் நான் கெட்டிக்காரன்; அதையும் அவனைவிடக் குறைவாகப் படித்து எடுத்தால் இன்னும் கெட்டிக்காரன். இந்த இரண்டாம் வழியில் உழைப்பே சந்தேகத்துக்குரிய பொருளாகிவிடுகிறது. விழுந்து விழுந்து படித்தும் தோற்றால் மண்டையில் ஒன்றுமில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் சில பிள்ளைகள் தேர்வுக்கு முன்பே ‘நான் ஒன்றுமே படிக்கவில்லை’ என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

எந்த வழி மேலோங்கும் என்பதை வகுப்பறையே தீர்மானிக்கிறது என்று காட்டியவர் கரோல் ஏம்ஸ். ஜெனிஃபர் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, படிப்பில் தேர்ந்த 176 மாணவர்களிடம் நடந்தது. தங்கள் வகுப்பில் கற்றுத் தேறுவதற்கு மதிப்பு இருக்கிறது என்று உணர்ந்தவர்கள் கடினமான பாடங்களை விரும்பினார்கள். படிக்கும் முறையை யோசித்துத் தேர்ந்தெடுத்தார்கள். வெற்றிக்குக் காரணம் முயற்சி என்று நம்பினார்கள். ஒருவரை ஒருவர் முந்துவதற்கே மதிப்பு என்று உணர்ந்தவர்கள் தங்கள் திறமையையே குறைத்து மதிப்பிட்டார்கள். அவர்கள் எல்லோருமே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளோடு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியது. முடிவு வெளியான நாளில் தொலைக்காட்சி ஒலிவாங்கிகள் அரசுப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் வீட்டு வாசலில் குவிந்த காலம் அத்தோடு போயிற்று. மதிப்பெண் போகவில்லை, தேர்வும் போகவில்லை. எது கொண்டாடப்படும் என்பது மட்டும் ஓரளவு மாறியது. ஏம்ஸ் ஊக்கச் சூழல் என்று சொன்னது இப்படிப்பட்ட சமிக்ஞைகளைத்தான்.

வகுப்பறையிலிருந்து இந்தக் கருத்து விளையாட்டுத் திடலுக்குப் போனது. ஜோன் டூடாவும் சக ஆய்வாளர்களும் 1992இல் அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் இதை அளந்தார்கள். அங்கும், கற்றுத் தேறுவதை மதிக்கும் அணியில் இருப்பதாக உணர்ந்தவர்களே ஆட்டத்தை அதிகம் ரசித்தார்கள். உழைத்தால் பலன் உண்டு என்று நம்பினார்கள்.

அலுவலகத்தின் இரண்டு முகங்கள்

அலுவலகத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் நார்வேயில் பணியாற்றிய ஆய்வாளர்கள். கிறிஸ்டினா நெர்ஸ்டாட், விளையாட்டு உளவியலாளர் கிளின் ராபர்ட்ஸ், அஸ்ட்ரிட் ரிச்சர்ட்சன் மூவரும் வேலையிடத்தின் ஊக்கச் சூழலை அளக்க ஒரு வினாத்தாளை உருவாக்கி 2013இல் வெளியிட்டார்கள். அதன் கேள்விகள் ஊழியரின் குணத்தைப் பற்றியவை அல்ல. அவருடைய துறையைப் பற்றியவை. உங்கள் துறையில் ஒருவருக்கொருவர் யோசனைகளைப் பகிர்ந்துகொள்ள ஊக்குவிக்கிறார்களா? ஒவ்வொருவரின் வளர்ச்சிக்கும் மதிப்பு இருக்கிறதா? மற்றவரைவிட மேலாகச் செய்வதுதான் முக்கியமா? ஊழியர்களுக்குள் போட்டி மூட்டிவிடுகிறார்களா?

விடைகள் இரண்டு தனித்தனி மதிப்பெண்களாகச் சேர்கின்றன. ஒன்று தேர்ச்சிச் சூழல். மற்றது போட்டிச் சூழல். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரே துறையில் இரண்டும் ஓங்கியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் வெறுமையாகவும் இருக்கலாம். அவர்களுடைய ஆய்வில் தேர்ச்சிச் சூழலை உணர்ந்தவர்களிடம் வேலையில் ஈடுபாடு கூடுதலாக இருந்தது. வேலையை விட்டுப் போகும் எண்ணம் குறைவாக இருந்தது.

ஈடுபாடு என்ற சொல் மேலாண்மைக் கூட்டங்களில் அடிபட்டுத் தேய்ந்துபோன சொல். அதற்கு ஆய்வுப் பொருள் தந்தவர் வில்லியம் கான். ஒரு கோடை முகாமின் பயிற்றுநர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தின் ஊழியர்களையும் கவனித்து அவர் 1990இல் எழுதினார்: மனிதர்கள் வேலைக்குள் தங்களை முழுதாகக் கொண்டுவருவதும் உண்டு, உடம்பை மட்டும் அனுப்பிவிட்டு மனதை வெளியே நிறுத்திவைப்பதும் உண்டு. அது ஒருவரிடமே நேரத்துக்கு நேரம் மாறுகிறது. இந்த வேலைக்கு அர்த்தம் இருக்கிறதா, இங்கே நான் நானாக இருந்தால் அடி விழுமா, என்னிடம் அதற்குத் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்ற மூன்றையும் பொறுத்து அது அமைகிறது. பின்னர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்மர் ஷௌஃபெலி இதை அளக்கக்கூடிய மூன்று கூறுகளாகப் பிரித்தார்: துடிப்பு, அர்ப்பணிப்பு, ஆழ்ந்துபோதல்.

தேர்ச்சிச் சூழலில் இவை ஏன் கூடுகின்றன? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த கோட்பாடு ஒரு விடை தருகிறது. மனிதருக்கு மூன்று உளத்தேவைகள் உண்டு: செய்வதில் தன் முடிவும் இருக்க வேண்டும், செய்ய முடிகிறது என்ற நிறைவு வேண்டும், கூட இருப்பவர்களோடு உறவு வேண்டும். நேற்றைய தன்னோடு தன்னை ஒப்பிடும் இடத்தில் நிறைவு எல்லோருக்கும் எட்டக்கூடியது. வரிசைப் பட்டியல் போடும் இடத்திலோ, எத்தனை பேர் வளர்ந்தாலும் முதலிடம் ஒன்றே. உறவுக்கும் அங்கே சிக்கல்தான்: பக்கத்து மேசைக்காரரின் உயர்வு என் இறக்கமாக எழுதப்படும்போது அவருக்கு உதவுவது எனக்கு நானே வைக்கும் ஆப்பு.

தெரிந்தும் தெரியாததுபோல

ஈடுபாடு குறைந்தால் ஊழியர் சோர்ந்து உட்காருவார் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. போட்டிச் சூழலில் மனிதர்கள் கடுமையாகவே உழைக்கலாம். கேடு வேறு இடத்தில் தலைகாட்டும்.

சக ஊழியர் கேட்ட தகவலை வேண்டுமென்றே தராமலிருப்பதை ‘அறிவை மறைத்தல்’ என்று பெயரிட்டு, கேத்தரின் கானெலியும் சக ஆய்வாளர்களும் 2012இல் மூன்று வகைகளை விவரித்தார்கள். முதலாவது, தெரிந்தும் தெரியாததுபோல நடிப்பது. இரண்டாவது, ‘அப்புறம் தருகிறேன்’ என்று இழுத்தடிப்பது, அல்லது அரைகுறையாகச் சொல்லி அனுப்புவது. மூன்றாவது, ‘மேலே சொல்லக் கூடாது என்றிருக்கிறார்கள்’ என்று காரணம் காட்டுவது. எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இந்த மூன்று முகங்களும் பழக்கமானவை.

ஸ்லோவேனியாவைச் சேர்ந்த மட்டேய் செர்னேவும் நெர்ஸ்டாடும் வேறு இருவரும் 2014இல் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: மறைப்பவருக்கு என்ன ஆகிறது? 34 குழுக்களைச் சேர்ந்த 240 ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், அதிகம் மறைத்தவர்களின் படைப்பூக்கமே குறைந்திருந்தது. காரணம் எளிது. இன்று நான் மறைத்தால் நாளை எனக்கு மறைக்கப்படும். அவநம்பிக்கை வட்டியோடு திரும்பி வருகிறது. புதிய யோசனை பிறப்பதற்கு வேண்டிய பிறர் அறிவு எனக்குக் கிடைக்காமல் போகிறது. இந்தச் சுழல் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் சுற்றவில்லை. போட்டிச் சூழலில் அது வலுத்தது. தேர்ச்சிச் சூழலில் தளர்ந்தது. 132 மாணவர்களை வைத்து நடத்திய சோதனையிலும் இதே போக்கு தெரிந்தது.

இதை ஒரு பெரிய நிறுவனத்தின் அளவில் பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டைப் பார்க்கலாம். பல ஆண்டுகள் அங்கே ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் மேல், இத்தனை பேர் நடு, இத்தனை பேர் கீழ் என்று கட்டாயப் பங்கீட்டில் தரம் பிரித்தார்கள். சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘பெல் கர்வ்’ என்று சொன்னாலே போதும். பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் ஒருவர் கீழே போயாக வேண்டும். கர்ட் ஐகன்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2012இல் ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரைக்காகப் பேசிய ஊழியர்கள் பலர் இந்த முறையைத்தான் சாடினார்கள். கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் குழுவில் சேரத் தயங்கினார்கள். வெளி நிறுவனங்களோடு போட்டியிட வேண்டியவர்கள் உள்ளுக்குள் ஒருவரை ஒருவர் எதிராளியாகப் பார்த்தார்கள்.

2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டாயப் பங்கீட்டைக் கைவிட்டது. அதன்பின் ஒருவரை மதிப்பிடும்போது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதோடு வேறு இரண்டையும் கேட்கத் தொடங்கினார்கள்: பிறர் வெற்றிக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? பிறர் செய்ததிலிருந்து எதை எடுத்துப் பயன்படுத்தினீர்கள்? 2014 பிப்ரவரியில் தலைமைப் பொறுப்புக்கு வந்த சத்யா நாதெள்ளா, எல்லாம் தெரிந்தவராக இருப்பதைவிட எல்லாவற்றையும் கற்பவராக இருப்பது மேல் என்ற கருத்தை நிறுவனத்தின் அன்றாடப் பேச்சாக்கினார். அந்த நிறுவனம் பின்னர் கண்ட வளர்ச்சிக்கு மேகக்கணிமை போன்ற வணிகக் காரணங்களே நிறைய. மதிப்பீட்டு முறையை மாற்றியதால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்வது மிகை. ஆனால் பிறர் செய்ததை எடுத்துப் பயன்படுத்தினேன் என்பது ஒப்புக்கொள்ளக் கூச்சப்படும் விஷயமாக இருந்த நிலை போய், பெருமையோடு எழுதும் விஷயமாக ஆனது சிறிய மாற்றம் இல்லை.

போட்டிச் சூழல் இன்னும் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி சான்று. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளையாவது விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. நெருக்கடி தாங்காமல் ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அத்தனை பேரும் நேர்மையற்றவர்களாகவே பிறந்து ஒரே வங்கியில் வந்து சேர்ந்தார்கள் என்று நம்புவது கடினம்.

ஆறு திருகுகள்

சூழல் என்றவுடன் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்று தோன்றுகிறது. ஜாய்ஸ் எப்ஸ்டீன் என்ற கல்வி ஆய்வாளர் அதை ஆறு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். ஏம்ஸ் அதையே வகுப்பறைக்குப் பயன்படுத்தினார். பணி, அதிகாரம், பாராட்டு, குழு, மதிப்பீடு, நேரம். அலுவலகத்துக்கும் இவை அப்படியே பொருந்துகின்றன.

பணி: ஒருவருக்குக் கொடுக்கும் வேலையில் அவர் கற்க ஏதாவது இருக்கிறதா, அல்லது நன்றாகத் தெரிந்தவர் என்பதாலேயே ஐந்து ஆண்டுகளாக அதே வேலை அவர் தலையில் விழுகிறதா? அதிகாரம்: எதைச் செய்வது என்பதை நிறுவனம் சொல்லட்டும், எப்படிச் செய்வது என்பதில் செய்பவருக்குக் குரல் உண்டா? நும்மியில் கடிகாரம் கை மாறியது இந்தத் திருகைத்தான் திருப்பியது. குழு: கெட்டிக்காரர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை இன்னொரு பக்கமும் ஒதுக்கிவைத்தால், யார் எந்தப் பக்கம் என்பதை ஒரே வாரத்தில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். நேரம்: தெரியாததைக் கேட்கவும் தவறிப் போய்த் திருத்தவும் இடைவெளி இல்லாத அட்டவணையில் யாரும் புதிதாக எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள்.

பாராட்டும் மதிப்பீடும் தனியாகப் பேச வேண்டியவை. நல்லெண்ணத்தோடு செய்தும் சறுக்கும் இடங்கள் இவைதாம். ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று ஒருவர் படத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள். மாட்டியவரின் நோக்கம் ஊக்கப்படுத்துவது. அதைப் பார்க்கும் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும் செய்தியோ, இந்த இடத்தில் மனிதர்களை வரிசைப்படுத்துகிறார்கள் என்பது. அந்தப் படத்துக்குக் கீழே, எதைக் கற்றார், யாருக்கு உதவினார் என்று எழுதியிருந்தால் செய்தி கொஞ்சம் மாறும்.

மதிப்பீட்டைப் பற்றி அவ்ராஹம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஓர் அதிர்ச்சி கிடைத்தது. கருத்துச் சொல்வது சராசரியாகச் செயல்திறனை உயர்த்தியது உண்மை; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான நேர்வுகளில் செயல்திறன் குறைந்துவிட்டது. அவர்கள் தந்த விளக்கம்: கருத்து வேலையை நோக்கிக் கவனத்தைத் திருப்பினால் பயன் தரும், ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற எண்ணத்தை நோக்கித் திருப்பினால் கெடுக்கும். ‘இந்த அறிக்கையில் மூன்றாம் பகுதியை முதலில் வைத்திருந்தால் தெளிவாக இருக்கும்’ என்பதைக் கேட்டவர் மூன்றாம் பகுதியைத் திறந்து பார்ப்பார். ‘உங்கள் குழுவில் நீங்கள்தான் கடைசி’ என்பதைக் கேட்டவர் வேலைதேடும் இணையதளத்தைத் திறந்து பார்ப்பார்.

கயிற்றை மட்டும் நகலெடுத்தவர்கள்

இந்த ஆய்வுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? பணியிட ஆய்வுகளில் பல, ஊழியர்கள் நிரப்பிய வினாத்தாள்களை நம்பி நிற்பவை. வேலையை விரும்புகிறவருக்குத் தன் துறையும் நல்லதாகவே தெரியும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். செர்னே குழுவினர் சோதனையையும் சேர்த்துச் செய்தது இதற்காகத்தான். போட்டி என்றாலே நஞ்சு என்று முடிவுகட்டவும் முடியாது. தன் திறமையில் உறுதியாக இருப்பவருக்குப் போட்டி சூடேற்றும். அந்த உறுதி ஆடத் தொடங்கும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது. நீண்ட பணிவாழ்வில் அப்படி ஒரு நாள் வராதவர்கள் அரிது.

தேர்ச்சிச் சூழல் என்பது சொகுசு என்று எண்ணுவதும் தவறு. பழைய ஃப்ரீமான்டில் ஒரு தொழிலாளி ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 45 நொடிகள் வேலை செய்தார். நும்மியில் 57 நொடிகள். மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் என்ற இருவர் 1988இல் எழுதிய நூலில் இந்த முறையை அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம் என்றே சாடினார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது: ஊக்கத்தை எழுப்பத் தெரிந்த நிறுவனத்துக்கு அதை உறிஞ்சவும் தெரியும். எழுந்த ஊக்கத்தின் பலன் யாருக்குப் போகிறது என்ற கேள்வியை உளவியல் தீர்த்துவைக்காது. பேரம் பேசும் தொழிற்சங்கத்தின் வேலை அது.

சூழலை உத்தியாக மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் தோற்றதும் பதிவாகியிருக்கிறது. நும்மியைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் ஆலையிலும் குழுமுறையையும் லைனை நிறுத்தும் கயிற்றையும் கொண்டுவந்தது. மேலாளர்களை அங்கே இன்னமும் வண்டிகளின் எண்ணிக்கையால்தான் மதித்தார்கள். இழுத்தவரைப் பார்த்து முகம் சுளித்தால் அடுத்தவர் இழுக்க மாட்டார். ஆலை 1992இல் மூடப்பட்டது. நும்மியிலோ 1988 வாக்கில் விற்பனை சரிந்து லைனுக்கு அவ்வளவு ஆட்கள் தேவைப்படாமல் போனபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மிகுந்தவர்களைப் பயிற்சிக்கும் மேம்பாட்டு வேலைகளுக்கும் அனுப்பினார்கள். வேலை போகாது என்ற வாக்கு செலவு பிடிக்கும் நேரத்திலும் காப்பாற்றப்பட்டதைப் பார்த்தவர்கள்தான், வேலையை மிச்சப்படுத்தும் யோசனைகளைத் துணிந்து எழுதிக் கொடுத்தார்கள்.

கயிற்றை இழுப்பது என்பது தவறை வெளியே சொல்வதுதான். ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் வார்டுகளில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகமாகத் தெரிந்தது. அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை; வெளியே சொல்லப்பட்டது. மற்ற வார்டுகளின் சுத்தமான கணக்கு, வாயை மூடிக்கொள்வதே பிழைக்கும் வழி என்று செவிலியர்கள் கற்றுக்கொண்டதன் அடையாளமாக இருந்திருக்கலாம்.

ஆகவே தன் துறையின் ஊக்கச் சூழலை அறிய விரும்பும் மேலாளர் ஊக்கப் பேச்சாளரைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். தவறு நடந்துவிட்டது என்று கடைசியாக முன்வந்து சொன்னவர் யார், அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று? கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரா, தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டவரா? மேலாளர் கொஞ்சம் யோசித்துத்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும். அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் யோசிக்க மாட்டார்கள். அவர்களுக்கு இரண்டுக்கும் விடை தெரியும். அதை வைத்துத்தான் ஒவ்வொரு நாளும் எவ்வளவு உழைப்பது, எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று முடிவு செய்கிறார்கள்.